இது கிளிஞ்சலா, வெறும் கல்லா? அரியலூர், பெரம்பலூர் பக்கம் புதைபடிவம் தேடுவோர் கேட்கும் கேள்விகள்

ஒரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு "சார், இது ஏதாவதா?" என்று கேட்பவர்களில் பாதிப் பேர் ஏமாந்துதான் திரும்புகிறார்கள். மீதிப் பேர் உண்மையான ஒன்றை வழியில் மிதித்துவிட்டு வந்திருப்பார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்து, அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கடற்கரை எங்கோ இருக்கிறது. அரியலூரில் கடல் உயிர்கள் எப்படி வந்தன?

கடல்தான் வந்தது. தென் கண்டங்கள் எல்லாம் ஒட்டியிருந்த கோண்டுவானாப் பெருநிலம் உடைந்து இந்தியா தனியாக விலகியபோது, இன்றைய காவிரிப் படுகைப் பக்கம் தாழ்ந்த நிலத்துக்குள் கடல் புகுந்தது. ஏறக்குறைய 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. அந்தக் கடலடிச் சேறும் மணலும் சுண்ணாம்பும்தான் இப்போது ஊட்டத்தூர், காரை, கருடமங்கலம், அரியலூர், நின்னியூர் என்று பாறையாகக் கிடக்கின்றன. அரியலூரிலிருந்து இன்றைய கடற்கரைக்கு 80, 90 கிலோமீட்டர் இருக்கும்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. இங்கே அடுக்குகள் கிழக்கு நோக்கி லேசாகச் சாய்ந்திருக்கின்றன. மேற்கே ஊட்டத்தூர்ப் பக்கம் மிகப் பழையவை. கிழக்கே போகப் போக வயது குறையும். அதற்கும் மேற்கே பச்சைமலைப் பக்கம் போனால் அது வேறு கதை. பூமியின் ஆழத்தில் வெந்து உருவான கருங்கல் அது, அதில் கிளிஞ்சல் இருக்க வாய்ப்பே இல்லை. அங்கே எடுத்த கல்லில் எவ்வளவு அழகான சுருள் தெரிந்தாலும் அது கல்லின் வேலைதான். அதனால் யாராவது கல்லை நீட்டினால், அதைப் பார்ப்பதற்கு முன் "எங்கே எடுத்தீர்கள்?" என்றுதான் கேட்பேன்.

சரி, தரையில் கிடப்பதில் எது உயிர், எது கல் என்று எப்படிப் பிரிப்பது?

எல்லோரும் வடிவத்தைத்தான் பார்க்கிறார்கள், ஏமாறுவதும் அங்கேதான். முட்டை மாதிரி, எலும்பு மாதிரி, பாம்புத் தலை மாதிரி என்று கல்லுக்கு எந்த வடிவமும் வரும். மழையும் ஓடையும் உருட்டி உருட்டி எதையும் செய்துவிடும். உடைந்த முகத்தைப் பாருங்கள். வெளியே எப்படி இருக்கிறதோ அதற்கேற்ற ஓர் அமைப்பு உள்ளேயும் இருக்கிறதா?

உயிர் கட்டிய பொருளில் ஓர் ஒழுங்கு இருக்கும். ஓடு என்றால் அதற்கு ஒரே சீரான கனம், வெட்டுமுகத்தில் தனி நிறத்தில் ஒரு கோடாகத் தெரியும். வரிகள் என்றால் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பி விசிறிபோல் விரியும், விரிய விரிய இடைவெளியும் அளவோடு கூடும். சுருள் என்றால் ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிடப் பெருத்துக்கொண்டே போகும். கடல் முள்ளெலி என்றால் ஐந்து இதழ்ப் பூ மாதிரி ஐந்தாகப் பிரியும். எந்த ஓடைக்கல்லும் தற்செயலாக அப்படி ஐந்து இதழ் போட்டுக்கொண்டு கிடக்காது.

இன்னொரு சுலபமான வழி, கூட்டாளி இருக்கிறதா என்று தேடுவது. அதே வடிவம் சின்னதும் பெரியதுமாக, வெவ்வேறு பக்கம் திரும்பிக் கிடக்கும் நாலைந்து கிடைத்தால் நம்பிக்கை கூடும். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறையில் தடித்த, வளைந்த சிப்பிகள் அப்படித்தான் கூட்டம் கூட்டமாகக் கிடக்கும். உலகத்திலேயே ஒன்றே ஒன்றாக இருக்கும் அதிசய வடிவம் பெரும்பாலும் வெறும் கல்தான்.

எங்கள் ஊர் ஏரியில் தோண்டியபோது குண்டு குண்டாகக் கல் வந்தது. டைனோசர் முட்டையா?

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் இதுவேதான் நடந்தது. தோண்டிய இடத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிவர, டைனோசர் முட்டை என்று செய்தி ஊரெங்கும் பரவி, கூட்டம் கூடிவிட்டது. பார்த்த புவியியலாளர்கள் அவை முட்டைகள் அல்ல, கடலடியில் தாதுப்பொருள் திரண்டு இறுகிய உருண்டைகள் என்றார்கள்.

இந்தத் திரள்கற்கள் உருவாகும் விதமே சுவையானது. கடலடிச் சேற்றில் ஒரு நத்தையோ அம்மோனைட்டோ (சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்து அழிந்துபோன, கணவாயின் சொந்தக்கார உயிர்) செத்துப் புதையும். அது அழுகும்போது சுற்றியுள்ள நீரின் வேதியியல் மாறி, சுண்ணாம்போ இரும்போ அதைச் சுற்றிப் படியத் தொடங்கும். பணியாரம் ஊற்றியது மாதிரி உருண்டு, சுற்றியுள்ள சேற்றைவிடக் கெட்டியாகிவிடும். பிற்பாடு சேறு கரைந்துபோகும், உருண்டை மட்டும் நிற்கும். எனவே முட்டை இல்லை என்று தெரிந்ததும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சிலவற்றுக்குள் அந்த முதல் உயிர் இன்னும் இருக்கும்.

முட்டையா என்று பார்க்க மூன்று விஷயம். ஒன்று, முட்டைக்கு ஓடு வேண்டும்: சில மில்லிமீட்டர் கனத்தில், உள்ளே நிரம்பிய கல்லிலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரியும் ஒரு தோல். திரள்கல்லை உடைத்தால் முழுக்க ஒரே மாதிரி இருக்கும், இல்லையென்றால் வெங்காயம்போல் பல அடுக்கு இருக்கும். இரண்டு, ஒரு கூட்டில் இருக்கும் முட்டைகள் ஏறத்தாழ ஒரே அளவு. கோலிக்குண்டிலிருந்து பூசணிக்காய் வரை எல்லா அளவும் ஒரே இடத்தில் கிடந்தால் அது முட்டை இல்லை. மூன்று, டைனோசர் நிலத்தில்தான் முட்டையிட்டது. கடல் சிப்பிகளோடு கலந்து கிடக்கும் உருண்டையை முட்டை என்று சொல்ல மிக வலுவான ஆதாரம் வேண்டும். இந்தியாவில் ஐயத்துக்கு இடமில்லாத டைனோசர் முட்டைகள் குஜராத்தின் பாலாசினோர்ப் பக்கத்திலும் நர்மதைப் பள்ளத்தாக்கிலும் கிடைத்திருக்கின்றன. அவை நிலப் படிவுகள்.

வெள்ளையாக, முடிச்சு முடிச்சாக எலும்பு மாதிரி வயல் முழுக்கக் கிடக்கிறதே?

சுக்காங்கல். மண்ணுக்குள் சுண்ணாம்பு ஊறி இறுகியது. கரிசல் வயலில் இது இல்லாத இடம் குறைவு. மூட்டு எலும்பு, விரல் எலும்பு, பல் என்று எல்லா வேஷமும் போடும்.

நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொண்டால் எலும்பு என்று ஒரு பழைய சோதனை உண்டு. இங்கே அது உதவாது, சுக்காங்கல்லும் ஒட்டும். (வயலில் கிடக்கும் கல்லை நாக்கில் வைப்பது நல்ல யோசனையும் இல்லை.) உடைந்த முகத்தை பத்து மடங்கு லென்சில் பாருங்கள். எலும்பின் வெளி ஓரம் கெட்டியாகவும், உள்ளே பஞ்சு அல்லது தேனடை மாதிரி நுண்துளைகளோடும் இருக்கும். சுக்காங்கல்லில் அந்த வேறுபாடு இல்லை, நடுவில் மண்ணும் மணலும் மாட்டியிருக்கும்.

எலும்பைப் பற்றிப் பேசும்போது ஒரு ஆறுதல் சொல்ல வேண்டும்: வல்லுநர்களுக்கும் குழப்பம் வரும். அரியலூருக்கு அருகே கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளை வைத்து 1987-இல் புவியியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் ஒரு டைனோசருக்கு ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். எலும்புகள் பிற்பாடு சிதைந்தே போயின. அதன்பின் பல ஆண்டுகள், அது எலும்பே இல்லை, கல்லான மரத்தண்டு என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். 2022-இல் வெளியான பழைய புகைப்படங்கள்தான் எலும்பு என்ற பக்கத்துக்கு மறுபடி வலு சேர்த்தன.

கல்லின் மேல் பெரணி இலை அச்சு மாதிரி கறுப்பாக இருக்கிறது. இலையா?

பெரும்பாலும் மாங்கனீசு. விரிசலுக்குள் நீர் கசியும்போது தாது கிளை கிளையாகப் படியும். அது விரிசல் ஓரத்திலிருந்து கிளம்பி உள்ளே பரவும், நடுநரம்பு இருக்காது, ஒரு கிளைக்கும் அடுத்த கிளைக்கும் அளவு ஒத்துவராது.

ஆனால் அவசரப்படாதீர்கள். வளைந்த ஒரு கல்லின் மேல், கொத்தமல்லி இலை விளிம்பு மாதிரி நெளிநெளியான கோடுகள், சம இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வந்தால் அது அம்மோனைட்டின் உள்ளே இருக்கும் அறைச்சுவர் வெளி ஓட்டோடு சேரும் கோடு. சுருள் முழுதாக இருக்க வேண்டியதில்லை. உடைந்த ஒரு துண்டில் இந்தக் கோடு தெரிந்தாலே போதும். இந்தப் பகுதியில் நான் அதிகமாகத் தவறவிட்டது இதைத்தான். தொடக்கத்தில் முழுச் சுருளை மட்டும் தேடி, துண்டுகளை எல்லாம் "உடைந்த கல்" என்று ஓரம் தள்ளினேன்.

காரையில் துப்பாக்கித் தோட்டா மாதிரி கிடைத்தது. பக்கத்திலேயே வெள்ளைக் குச்சிகளும் கிடந்தன. இரண்டும் ஒன்றா?

இல்லை. தோட்டா மாதிரி இருப்பது பெலம்னைட், கணவாய்க்குத் தூரத்துச் சொந்தமான ஓர் உயிரின் உள்ளெலும்பு போன்ற பகுதி. வெள்ளைக் குச்சிகள் ஜிப்சம். காரைக் களிமண் முழுக்க ஜிப்சம் நரம்புகள் ஓடுகின்றன. அவை உடைந்து சரிந்து கிடக்கும்.

நகத்தால் கீறிப் பாருங்கள். ஜிப்சம் கோடு விழும். பெலம்னைட் கால்சைட் என்ற சுண்ணாம்புத் தாதுவால் ஆனது, நகத்துக்கு மசியாது. அப்புறம், குறுக்கே உடைந்த முகம்: பெலம்னைட்டில் மையத்திலிருந்து சைக்கிள் சக்கரக் கம்பிகள் போலக் கதிர்கள் வெளியே ஓடும், மரத்தில் இருப்பதுபோல் வளர்ச்சி வளையங்களும் தெரியும். ஜிப்சத்தில் இழைகள் எல்லாம் ஒரே திசையில் நேராக நிற்கும், பட்டு நூல் மாதிரி பளபளக்கும்.

அதே களிமண்ணில் கறுப்பாகவோ பழுப்பாகவோ பாஸ்பேட் உருண்டைகளும் வரும். அவற்றுக்கு நடுவே சுறாப் பல் கிடைத்தவர்கள் உண்டு. பல்லின் எனாமல் பளபளப்பும் கூரிய ஓரமும் பக்கத்துக் கல்லிலிருந்து தனியாகத் தெரியும்.

பாறையில் வெள்ளையாகப் பட்டை பட்டையாக ஓடுவது கிளிஞ்சல் ஓடா, வெறும் கால்சைட்டா?

கால்சைட் நரம்பு அடுக்குகளை வெட்டிக்கொண்டு போகும், ஓரிடத்தில் தடிக்கும், ஓரிடத்தில் மெலியும், கிளை பிரியும். ஓட்டுத் துண்டு அடுக்கோடு படுத்திருக்கும், கனம் மாறாது, இரண்டு முனையிலும் சட்டென்று முடியும். இனோசெராமஸ் என்ற பெரிய சிப்பியின் துண்டுகள்தான் இதில் ரொம்பக் குழப்பும். பக்கவாட்டில் பார்த்தால் ஓட்டின் கனத்துக்குக் குறுக்கே, தீக்குச்சிகளை நெருக்கி நிறுத்தியதுபோல் கால்சைட் தூண்கள் இருக்கும். மேல்பக்கம் அலை அலையான மேடுபள்ளம் தெரிந்தால் ஐயமே வேண்டாம்.

வினிகர் ஊற்றினால் நுரை வந்தது. அப்படியானால் புதைபடிவம்தானே?

சுண்ணாம்பு இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். சுக்காங்கல்லும் நுரைக்கும், உங்கள் வீட்டுச் சுவரும் நுரைக்கும். மறுபக்கம், எலும்பும் பல்லும் பாஸ்பேட் என்பதால் அவ்வளவாக நுரைக்காது, கல்லான மரம் சிலிக்கா என்பதால் சும்மா இருக்கும். இந்தச் சோதனையை நான் ஏறக்குறைய விட்டுவிட்டேன்.

சுத்தம் செய்யவும் வினிகர் வேண்டாம். ஒரு நல்ல கடல் முள்ளெலியை ராத்திரி முழுக்க ஊறப் போட்டு, காலையில் வழுவழுப்பான ஓர் உருண்டையை எடுத்த அனுபவம் எனக்கு உண்டு. ஐந்து இதழும் போயே போச்சு. தண்ணீரும் பழைய பல் பிரஷும் போதும்.

வயலில் கிடக்கும் கிளிஞ்சல் எல்லாம் கோடி ஆண்டுப் பழசா?

இல்லவே இல்லை. ஏரி மட்டி, வாய்க்கால் நத்தை, சுண்ணாம்புக் காளவாய்க்கு வண்டியில் வந்த கிளிஞ்சல் எல்லாம் கலந்து கிடக்கும். ஏரி மட்டியின் ஓடு மெல்லியது, லேசானது, உள்ளே வெறுமையாக இருக்கும், வெளித்தோல் பழுப்பாக உரியும். பழையது பெரும்பாலும் உள்ளே கல் நிரம்பிக் கனக்கும், கீறல்களில் பாறைத் துகள் ஒட்டியிருக்கும். பளபளப்பை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்; இந்தப் பகுதியின் சில அடுக்குகளில் கிடைக்கும் பழைய ஓடுகளிலும் முத்துப் பளபளப்பு மிஞ்சியிருக்கும்.

ஓடே இல்லை. உள்ளே மண் மட்டும் திருகாணி மாதிரி இருக்கிறது. இதைக் கணக்கில் எடுக்கலாமா?

தாராளமாக. நத்தை ஓட்டுக்குள் சேறு நிரம்பி இறுகியபின் ஓடு கரைந்துபோனால் மிஞ்சுவது இதுதான், இட்லித் தட்டு போய் இட்லி மட்டும் நிற்பதுபோல. வெளி ஓட்டின் வரிகள் இதில் இருக்காது. திருகும் சுற்றும் மட்டும் இருக்கும். எந்த இனம் என்று சொல்வதுதான் கடினம். சுற்றியுள்ள பாறையில் ஓட்டின் வெளி அச்சு பதிந்திருக்கிறதா என்று பாருங்கள், அதையும் சேர்த்து எடுத்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

இதோடு சேர்த்து, பாறையில் விரல் கனத்தில் கிளைத்து ஓடும் குழாய்களையும் சொல்லிவிடுகிறேன். வேர் என்று நினைப்பார்கள். பல சமயம் அவை கடலடியில் நண்டு, இறால் வகைகள் தோண்டிய வளைகள்.

சிப்பி மாதிரி இருக்கிறது, ஆனால் சிப்பி இல்லை என்கிறார்களே?

பிராக்கியோபாடாக இருக்கும், இரண்டு ஓடு இருந்தாலும் மட்டி இனத்தில் சேராத வேறொரு கடல் உயிர். சாதாரண மட்டியின் இரண்டு ஓடுகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம். பிராக்கியோபாடில் மேல் ஓடும் கீழ் ஓடும் வேறு வேறு அளவு, ஆனால் ஒவ்வொரு ஓட்டையும் நடுவில் கோடு போட்டால் இடமும் வலமும் ஒத்துப்போகும். சிப்பி வகைகளில் இந்த விதி சறுக்கும், அவற்றின் இரு ஓடுகளும் கோணல்மாணல்தான்.

சாத்தனூர்க் கல்மரம் கடல் பாறைக்குள் எப்படி வந்தது?

நிலத்தில் வளர்ந்த மரம் ஆற்றில் அடித்து வரப்பட்டுக் கடலில் மூழ்கியது. 18 மீட்டருக்கு மேல் நீளம். 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதைப் பற்றி முதலில் அறிவித்தார், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதிலிருந்து ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது.

சுற்றுவட்டாரத்தில் கல்மரத் துண்டு கிடைத்தால், நீளவாக்கில் நார், குறுக்கே வளையம், சில துண்டுகளில் சுண்டுவிரல் நுழையும் வட்டத் துளைகள் இருக்கும். மிதந்த மரத்தைத் துளைத்த கப்பல்புழு வகைச் சிப்பிகளின் வேலை. அந்த மரம் கடலில் கிடந்ததற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

பூஜை அறையில் இருக்கும் சாளக்கிராமமும் அம்மோனைட்டா?

சக்கரம் உள்ளவை பெரும்பாலும் அதுதான். நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் உருண்டு வரும் கறுப்புக் கற்கள், உள்ளே ஜுராசிக் கால அம்மோனைட். நம் ஊர் அம்மோனைட்டுகள் அவற்றைவிட இளையவை. உடைத்துப் பார்க்கலாமா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து கேட்கிறேன். எங்கள் சுண்ணாம்புக் கல்லில் இருப்பவையும் இதே காலமா?

அது மிக இளையது, மயோசீன் காலத்துக் (ஏறக்குறைய 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரை) கடல் படிவு. டைனோசரும் அம்மோனைட்டும் அழிந்து வெகு காலம் கழித்து வந்தது. அங்கே சுருள் ஒன்றைப் பார்த்தால் நத்தை என்றே தொடங்குங்கள். அடையாளம் காணும் முறை மாறாது. ராமேஸ்வரத்து மேடான பவளப் பாறைகள் அதைவிடவும் புதியவை, சில ஆயிரம் ஆண்டுகள்தான்.

எப்போது போகலாம்? எடுத்து வரலாமா?

வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு, ஜனவரி, பிப்ரவரியில். மழை களிமண்ணை அரித்துப் புதிதாக எதையாவது வெளியே தள்ளியிருக்கும். காலை எட்டு மணிக்குள் இறங்கிவிடுங்கள், சாய்ந்த வெயிலில்தான் வரிகளும் சுருள்களும் நிழல் கட்டித் தெரியும். காரையில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது, தண்ணீரை இரண்டு மடங்கு எடுத்துப் போங்கள்.

சிமெண்ட் ஆலைச் சுரங்கங்களுக்குள் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். சரியும் விளிம்பும் வெடியும் விளையாட்டல்ல. பட்டா நிலம் என்றால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பாறையில் பதிந்திருப்பதைச் சுத்தியலால் பெயர்த்தால் பெரும்பாலும் அதுவும் உடையும், அடுத்தவருக்கும் இருக்காது. படம் எடுங்கள், பக்கத்தில் அளவுக்கு ஒரு நாணயம் வையுங்கள். எலும்பு என்று தோன்றினால் தொடவே வேண்டாம், இடத்தைக் குறித்துக்கொண்டு புவியியல் துறை உள்ள கல்லூரிக்கோ ஆய்வுத் துறைக்கோ சொல்லுங்கள். வாரணவாசியில் இருக்கும் அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டுத் தேடப் போனால், கண் தானாகப் பழகியிருக்கும்.

இதற்கு என்ன விலை கிடைக்கும்?

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை.

எடுத்து வந்ததை எப்படி வைப்பது?

அன்றைக்கே, அந்த இடத்திலேயே எழுதுங்கள்: ஊர், ஓடையா மேடா, களிமண்ணா சுண்ணாம்பா, தரையில் தளர்வாகக் கிடந்ததா பாறையில் பதிந்திருந்ததா, தேதி. செய்தித்தாளில் சுற்றி, சீட்டையும் உள்ளேயே வையுங்கள். 1860-களில் புவியியலாளர் பெர்டினான்ட் ஸ்டோலிச்கா தென்னிந்தியாவின் இந்தக் கடல் உயிர்களை இனம் இனமாக விவரிக்கத் தொடங்கினார். எந்த ஊர்ப் பக்கம் எடுத்தது என்ற குறிப்பு அவற்றோடு இருப்பதால்தான் இன்றும் ஆய்வாளர்கள் அதே ஊர்களுக்குப் போய் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

என் வீட்டுப் பரணில் ஒரு செருப்புப் பெட்டி இருக்கிறது. முதல் இரண்டு வருடம் சேர்த்தது, சீட்டு இல்லாமல். அதில் ஓர் அம்மோனைட் துண்டு, அறைச்சுவர்க் கோடு அவ்வளவு தெளிவு. காரையா, கருடமங்கலமா, ஞாபகம் இல்லை. இப்போது அம்மா அதைத்தான் துளசி மாடத்தில் வைத்திருக்கிறார்.